மறு: எல் நினோ – ‘சிறுவன்’, ‘பாலன்’, ‘நீஞோ’: எதை எடுப்பது?

> எல் நினோவைச் ‘சிறுவன்’ என்றே தமிழாக்கினால் என்ன?

ஸ்பானியத்தில் நீஞோ அன்றாடச் சொல்: சிறுபிள்ளை, பையன். பெண் என்றால் நீஞா. இருபாலரும் கலந்திருந்தால் நீஞோஸ். வயசுப் பையனைச் ‘சிக்கோ’ என்பார்கள். ‘தே நீஞோ’ என்றால் சின்ன வயதில். தெற்கு ஸ்பெயினின் ஆந்தலூசியாவில் வளர்ந்தவரைக்கூட ‘நீஞோ!’ என்று கூப்பிடுவதுண்டு. கண்ணின் கருமணியும் நீஞாதான்; நம் கண்பாப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

பசிபிக் கடல்நீர் இயல்பைவிடச் சூடாகும் நிகழ்வைக் குறிக்கும் வானிலைப் பெயரோ இந்தப் பொதுப் பொருளில் வரவில்லை. ‘எல்’ என்ற சுட்டைச் சேர்த்துப் பெரிய எழுத்தில் எழுதினால் குழந்தை இயேசு. வட பெருவின் பைத்தா துறைமுக மாலுமிகள், கிறிஸ்துமஸை ஒட்டித் தெற்கே பாயும் வெந்நீரோட்டத்துக்கு அந்தப் பெயரை இட்டிருந்தார்கள்; கடற்படை கேப்டன் கமிலோ கர்ரியோ 1892-ல் லிமா புவியியல் கழகத்துக்கு அதைத் தெரிவித்தார். ‘சிறுவன்’ என்றால் இதெல்லாம் உதிர்ந்துவிடும்.

> அப்படியானால் ‘பாலன்’? கிறிஸ்துமஸ் பாட்டிலேயே இருக்கிறதே.

எல் நீஞோவுக்குக் கச்சிதம். கடல்நீர் இயல்பைவிடக் குளிரும் எதிர்நிலையான லா நீஞாவில்தான் இடிக்கும். அந்தக் குளிர்நிலையை முதலில் ‘எதிர் எல் நீஞோ’ என்றார்கள்; எதிர்க்கிறிஸ்து என்று தொனித்தது. கிழவன் என்று பொருள்படும் ‘எல் வியேஹோ’வும் நிலைக்கவில்லை. 1980-களில்தான் லா நீஞா பரவியது. அது வெறும் இணைப்பெயர், மதப்பொருள் கிடையாது. ‘பாலகி’ என்று ஒன்றை உண்டாக்கினால் இல்லாத புனிதம் ஒட்டிக்கொள்ளும். ‘பாலனால் பருவமழை பொய்த்தது’ என்ற தலைப்பையும் யோசியுங்கள்!

ஆகவே ஒலிபெயர்ப்பே என் வாக்கு. ஆனால் ‘நினோ’ வேண்டாம். ஸ்பானியத்தில் ‘ந’வுக்கு மேல் அலைக்கோடு போட்ட எழுத்து தனி மெய். கோட்டை விட்டால் ‘ஆண்டு’ என்ற சொல் ‘ஆசனவாய்’ ஆகிவிடும். ஆங்கிலத்தில் இல்லாத அந்த ஒலிக்கு நம்மிடம் ‘ஞ’ இருக்கிறது. அழுத்தம் முதல் அசையில் விழுவதால் நெடில்: நீஞோ, நீஞா.

> நாளிதழ்களில் ‘நினோ’ ஊறிவிட்டதே?

அகராதியில் ‘நீஞோ’வைத் தலைச்சொல்லாகவும் ‘நினோ’வை மாற்றுவடிவாகவும் தரலாம், தேடுபவருக்கு இரண்டும் அகப்படும். தமிழாக்க வேண்டியவை கூட்டுச்சொற்கள்: வெப்பக் கட்டம், குளிர்க் கட்டம், நடுநிலை, தென் அலைவு (இதோடு இணைந்த காற்றழுத்த ஊசலாட்டம்). இதை அளக்கும் பசிபிக் கடல்பரப்பின் பெயரில் ‘எல்’ என்ற சுட்டு இல்லை என்பதால் ‘நீஞோ 3.4 பகுதி’ (5° வடக்கு–5° தெற்கு, 170°–120° மேற்கு). அங்கே மேற்பரப்பு வெப்பத்தின் மூன்றுமாதச் சராசரி இயல்பைவிடக் குறைந்தது 0.5° செல்சியஸ் கூடி, ஒன்றன்மேல் ஒன்று படியும் ஐந்து மூன்றுமாதப் பருவங்கள் தொடர்ந்தால் எல் நீஞோ நிகழ்வு என்பது ஓஎன்ஐ (பெருங்கடல் நீஞோ குறியீடு) கணக்கு.

இடைவெளி விட்டே எழுதுங்கள். சேர்த்தால் நன்னூல் விதிப்படி ‘என்னீஞோ’ ஆகிவிடும்.