டிஷ்வாஷர் கதவு ரப்பர், கயிறு, சக்கரம்: எதை மாற்றுவது, சரியான பார்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

சாட்ஸ்வொர்த்காரன் கேட்டது:

8 வருஷம் ஓடின மெஷின், 60 செ.மீ. அகலம், தனியாக நிற்கிற வகை. மூணு கோளாறு. கீழ்த் தட்டுக்கு இருக்கிற 8 சக்கரத்தில் 3 கழன்று கழன்று விழுது. கதவைத் திறந்து கையை விட்டா பாதியில நிக்காம தொப்புன்னு விழுது. மூணாவதுதான் பெரிய தொல்லை: கழுவ ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல கதவுக்கு அடியில வலது ஓரம் தண்ணி சொட்டுது, ஒரு தடவைக்கு அரை டம்ளர் இருக்கும். கதவைச் சுத்தி வர்ற ரப்பரை வாங்கி மாத்திடலாமா? கடையில போட்டோ அனுப்பச் சொல்றாங்க, அதைப் பாத்து வாங்கினா பொருந்துமா?

திருகுப்புளி:

போட்டோவை நம்பி வாங்காதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சக்கரங்களில் அச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் மறுபடி கழன்று விழும். கதவைத் திறந்து அதன் மேல் விளிம்பையும் பக்க விளிம்பையும் பாருங்கள், உலோகத் தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். அதில் உள்ள முழு எண்ணும் வேண்டும். விளம்பரத்தில் வரும் மாடல் பெயர் போதாது. பாஷ், சீமன்ஸ் மெஷின்களில் 'இ-என்ஆர்' என்று இருக்கும். அதன் கடைசியில் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் இரண்டு இலக்கத்தை விட்டுவிடாதீர்கள், ஒரே மாடலுக்குள் பார்ட் மாறியதை அதுதான் சொல்லும். பக்கத்தில் உள்ள 'எஃப்டி' எண் தயாரித்த மாதம்: முதல் இரண்டு இலக்கத்தோடு 20 கூட்டி வருவதன் கடைசி இரண்டு இலக்கம் வருஷம், அடுத்த இரண்டு இலக்கம் மாதம். 9408 என்றால் 2014 ஆகஸ்ட். எலக்ட்ரோலக்ஸ், ஏஇஜி என்றால் 911 என்று தொடங்கும் 9 இலக்க பிஎன்சி எண் (தயாரிப்பு எண்). தென்னாப்பிரிக்க பிராண்டான டெஃபி வைத்திருப்பவர்கள் பெக்கோ பார்ட் பட்டியலையும் பார்க்கலாம். 2011 முதல் டெஃபி, பெக்கோவின் தாய்க் கம்பெனியான ஆர்செலிக்கின் கையில் இருப்பதால் பல பார்ட்டுகள் பொதுவானவை.

ரப்பருக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். கீழே ஓரத்தில் சொட்டினால் சுற்று ரப்பர் பெரும்பாலும் கடைசிக் குற்றவாளி. கதவின் கீழ்விளிம்பில் தனியாக ஒரு நாக்கு ரப்பர் இருக்கும், பலர் கண்ணில் அது படுவதே இல்லை. முதலில் அதைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அடுத்து தட்டு இரண்டையும் காலி செய்துவிட்டு ஒரு குறுகிய புரோகிராம் ஓட்டுங்கள். சொட்டவில்லை என்றால் கோளாறு அடுக்குவதில்தான்: முன் வரிசையில் சாய்ந்து நிற்கும் பெரிய சாப்பாட்டுத் தட்டு, பீச்சும் தண்ணீரைக் கதவு இடுக்குக்கே திருப்பிவிடும்.

காலியாக ஓடும்போதும் சொட்டினால் நடுவில் நிறுத்தித் திறந்து பாருங்கள். நுரை பொங்கியிருந்தால் கையால் கழுவும் சோப்பு உள்ளே போயிருக்கிறது, அல்லது ரின்ஸ் எய்ட் (கடைசி அலசலில் சேரும் திரவம்) பெட்டி கசிகிறது. நுரை இல்லையா? கீழ் ஸ்ப்ரே ஆர்மை, அதாவது சுழன்று தண்ணீர் பீச்சும் கையை, கழற்றுங்கள். அது இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளை ஒட்டிச் செய்தது, வருஷக்கணக்கில் சூடு பட்டு ஓரத் தையல் பிரியும். குழாயடியில் நடு ஓட்டை வழியாகத் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். துளை அல்லாத இடத்தில் ஓரமாக வழிந்தால் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வெடிப்பிலிருந்து வரும் தாரை நேராகக் கதவின் அடியில் அடிக்கும், எந்த ரப்பரும் தாங்காது. பசை போட்டு ஒட்டிப் பயனில்லை, ஆர்மையே மாற்ற வேண்டும்.

டோங்காட் தோட்டம்:

அண்ணே சொன்னது சரி, கயிறை மட்டும் நான் சேர்க்கிறேன். கதவு தொப்புன்னு விழுதுன்னா கீல் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லை. ரெண்டு பக்கமும் அடியில ஒரு ஸ்பிரிங், அதையும் கீலையும் இணைக்கிற கயிறு, நடுவுல சின்னக் கப்பி. கயிறு தேஞ்சு அறுந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் அறுந்தா கதவு ஒருச்சாய்வா இழுத்து, நாளாவட்டத்துல அந்த மூலையில ரப்பர் சரியா அமுங்காது. அதனால வலது கயிறைப் பாத்துட்டு ரப்பரைப் பத்தி யோசிங்க. விழுற கதவோட தொடர்ந்து ஓட்டாதீங்க, அப்புறம் கீல் நிஜமாவே வளையும்.

மாத்துற விதம்: பிளக்கைப் பிடுங்கி, தண்ணிக் குழாயை மூடி, மெஷினை வெளியே இழுங்க. வடிகுழாயும் கூடவே வரும், முறுக்கிடாதீங்க. பக்கத் தகடு பெரும்பாலும் பின்னாடி டி20 டார்க்ஸ் (நட்சத்திரப் பள்ளம் உள்ள) ஸ்க்ரூவுல நிக்கும். கதவை மூடினபடியே வேலை பாருங்க, அப்பத்தான் ஸ்பிரிங்ல இழுப்பு குறைவா இருக்கும். குறடால ஸ்பிரிங்கைக் கழட்டறப்ப கண்ணாடி போட்டுக்கோங்க. பழைய கயிறு போன வழியைப் போன்ல படம் எடுத்துட்டு, புதுசைக் கப்பிக்கு அதே பக்கமா விடுங்க. ரெண்டு பக்கமும் சேர்த்தே மாத்துங்க, ஒண்ணு அறுந்தா மத்ததும் பின்னாலேயே போகும். முடிஞ்சதும் கதவு 45 டிகிரியில விட்ட இடத்துல நிக்கணும்.

மிட்ராண்ட் மீனாட்சி:

நம் வீட்டு மெஷின்களுக்கு என்றே ஒரு தனி வியாதி உண்டு: கடுகு. தாளித்த கடுகு ஸ்ப்ரே ஆர்ம் துளையில் போய் அச்சாக உட்கார்ந்துகொள்ளும். கறிவேப்பிலை நரம்பும் புளி நாரும் ஃபில்டருக்கு அடியில் சேரும். ஆர்மைக் குலுக்கினால் கலகல என்று சத்தம் கேட்கிறதா பாருங்கள். துளையைப் பல்குச்சியால் குத்தினால் கடுகு உள்ளேதான் போகும். வெளியிலிருந்து தண்ணீரை வேகமாக அடித்து நடு ஓட்டை வழியாக வெளியேற்ற வேண்டும்.

தண்ணீர் வடியாமல் நின்றால் உடனே பம்ப் வாங்காதீர்கள். ஃபில்டரை எடுத்து, தண்ணீரை ஸ்பாஞ்சால் உறிஞ்சி, உள்ளே இருக்கும் பம்ப் மூடியைக் கழற்றுங்கள். சில மாடல்களில் அதைக் கரண்டிக் காம்பால் நெம்பினாலே வரும். வெறுங்கையை விடவே கூடாது, உடைந்த கண்ணாடிச் சில்லு இருக்கும். இம்பெல்லரை (பம்பின் சுழலும் சக்கரத்தை) மரக்குச்சியால் சுற்றுங்கள். காந்தம் இருப்பதால் விட்டு விட்டு, தயங்கித் தயங்கிச் சுற்றினால் நல்லது. தடையே இல்லாமல் வழுக்கிச் சுற்றினால் அச்சிலிருந்து பிரிந்துவிட்டது, அப்போது மாற்றலாம். பாஷில் திரையில் வரும் கோளாறு எண்களில் இ24, இ25 இரண்டும் வடிகால் கோளாறுதான். மூடி சரியாக உட்காராவிட்டாலும் இ25 காட்டும். இ15 என்றால் அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்து மிதவை தூக்கியிருக்கிறது. தண்ணீரை வெளியேற்றினால் எண் போய்விடும், கசிவு போகாது.

சாட்ஸ்வொர்த்காரன்:

எல்லாருக்கும் நன்றி. ஆர்ம்ல தண்ணி நிரப்பிப் பாத்தேன், ஒரு நுனியில மூணு செ.மீ. நீளத்துக்குப் பிரிஞ்சிருக்கு. கடுகும் ஒரு கைப்பிடி வந்துச்சு! வலது கயிறும் அறுந்துதான் கிடக்கு. ஆர்ம், கயிறு ரெண்டு, சக்கரம் எட்டு ஆர்டர் போட்டாச்சு. சுற்று ரப்பர் பரவாயில்லாம இருக்கு, வலது கீழ்மூலையில மட்டும் தட்டையாகிடுச்சு. அதை விட்டுடலாமா?

திருகுப்புளி:

ஆர்மும் கயிறும் மாற்றிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் ஈரம் தெரிந்தால் மாற்றுங்கள். பழையதைக் கையாலேயே இழுத்தால் வந்துவிடும். பள்ளத்தைத் துடைத்து, புது ரப்பரை வெந்நீரில் பத்து நிமிஷம் போட்டு இளக்குங்கள். மேலே நடுவில் முதலில் அழுத்தி, பிறகு இரண்டு நுனியையும் கீழே பொருத்தி, மிச்சத்தைச் சமமாகப் பகிர்ந்து உள்ளே தள்ளுங்கள். இழுத்து நீட்டக் கூடாது, நீளமாகத் தெரிகிறதே என்று வெட்டவும் கூடாது. வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். வாசலின் தடவினால் ரப்பர் ஊதிப்போகும். மாதாமாதம் வினிகர் ஊற்றும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், உப்புக்கறைக்குச் சிட்ரிக் அமிலம் நல்லது.

எர்த் லீக்கேஜ்:

தலைப்பில் இல்லாவிட்டாலும் இதைச் சொல்ல வேண்டும். மெஷின் ஓடும்போது டிபி போர்டில் (வீட்டு மின் பலகையில்) எர்த் லீக்கேஜ், அதாவது மின்கசிவைக் கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கர், விழுந்தால் எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். தண்ணீர் நிரம்பிச் சூடாகத் தொடங்கும்போது விழுந்தால் ஹீட்டரில்தான் சந்தேகம். 230 வோல்ட்டுக்கான 2000 வாட் ஹீட்டர் மல்டிமீட்டரில் சுமார் 26 ஓம் காட்டும், 1800 வாட் சுமார் 29. முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது. ஓம் சரியாக இருந்தும் பிரேக்கர் விழுந்தால் மின்சாரம் மெஷினின் உலோக உடலுக்குக் கசிகிறது. சாதாரண மல்டிமீட்டர் அதைப் பல நேரம் காட்டாது, மெகர் (உயர் வோல்ட்டில் மின்கசிவைச் சோதிக்கும் கருவி) வேண்டும். ஆள் கூப்பிட வேண்டிய இடம் இதுதான். புது மெஷின்கள் பலவற்றில் ஹீட்டர் கழுவும் பம்புக்குள்ளேயே இருப்பதால் முழுப் பம்பையும் மாற்ற வேண்டிவரும், மெஷினின் வயதைப் பார்த்து முடிவெடுங்கள். மின்வெட்டின்போது சுவரிலேயே சுவிட்சை அணைத்துவிடுங்கள், கரண்ட் திரும்பும் நொடியில்தான் மெஷினின் எலக்ட்ரானிக் போர்டு அடிவாங்கும்.

ஆள் வைத்துப் பார்த்தால் ரசீதில் பார்ட் நம்பரை எழுதி வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 57-ம் பிரிவுப்படி, பழுதுபார்ப்பில் போட்ட பார்ட்டுக்குக் குறைந்தது 3 மாத உத்தரவாதம் உண்டு. 67-ம் பிரிவுப்படி, வேண்டாம் என்று நீங்களே சொன்னாலொழிய கழற்றிய பழைய பார்ட்டை உங்களிடம் திருப்பித் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள், அதன் மேலேயே நம்பர் அச்சடித்திருக்கும்.

டோங்காட் தோட்டம்:

சக்கரம் வந்ததும் ஒண்ணு கவனிங்க. தட்டுக் கம்பியில பூச்சு உரிஞ்சு துருப்பிடிச்சிருந்தா புதுச் சக்கரமும் அங்கே நிக்காது. துருவை உப்புத்தாளால தேய்ச்சு, டிஷ்வாஷர் தட்டுக்குன்னே விக்கிற பூச்சு ரெண்டு தடவை அடிச்சு, ஒரு முழு நாள் காயவிட்டு அப்புறம் மாட்டுங்க. கம்பி நுனிகளுக்கு ரப்பர் தொப்பி தனியா கிடைக்கும்.