விஎம் கர்னல் மாற்றிய பிறகு தினமும் ராத்திரி டேட்டா டிஸ்க் ரீட் ஒன்லி ஆகிறது, கர்னல்தான் காரணமா?

அரைத்தூக்கம்:
மூன்று நாளாக ஒழுங்கான தூக்கம் இல்லை, யாராவது வழி சொல்லுங்கள். கேவிஎம் (லினக்ஸின் விர்ச்சுவல் மெஷின் வசதி) ஹோஸ்டில், அதாவது நிஜக் கணினியில், ஓடும் ஒரு டெபியன் 12 விஎம் (விர்ச்சுவல் மெஷின்). 19ஆம் தேதி வழக்கமான கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) எடுத்துவிட்டு, விஎம்களுக்கென்றே டெபியன் தருகிற கிளவுட் கர்னலைப் போட்டேன், சின்னதாக இருக்கும், சீக்கிரம் பூட் ஆகும் என்ற ஆசைதான். அன்று ராத்திரியிலிருந்து பிரச்சினை. பகலெல்லாம் நன்றாக ஓடுகிறது, ராத்திரி 2:15க்கு ஆர்சிங்க் (ஃபைல்களைப் பிரதி எடுக்கும் நிரல்) பேக்கப் தொடங்கிய சில நிமிடத்தில் இரண்டாவது டிஸ்க் (விடிபி1, ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம்) ரீட் ஒன்லிக்குப் (படிக்கலாம், எழுத முடியாது) போய்விடுகிறது. கர்னல் லாகில், அழிக்கப்பட்ட ஐநோடை (ஒரு ஃபைலின் விவரக் குறிப்பு) ஏதோ ஒரு டைரக்டரி சுட்டுகிறது என்று ஒரு வரி, அடுத்த வரியில் ஜர்னல் (மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் குறிப்பேடு) நிறுத்தப்பட்டது. ரீபூட் செய்தால் அடுத்த ராத்திரி வரை சரி. பழைய கர்னலுக்கே திரும்பிவிடவா?

மறுதொடக்கம்:
திரும்பிவிடுங்கள் ப்ரோ, இதில் யோசிக்க என்ன இருக்கிறது. மாற்றியது கர்னல், கெட்டது டிஸ்க். 2023 டிசம்பரில் டெபியனின் 6.1.64 கர்னலில் ஈஎக்ஸ்டி4 டேட்டாவைக் கெடுக்கிற பிழை இருந்து, அதற்காக 12.3 வெளியீட்டையே நிறுத்தி நேராக 12.4 விட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா?

ஐநோடுவேட்டை:
தம்பி, கர்னலை அப்புறம் பார்க்கலாம். இன்று ராத்திரி பேக்கப் ஓடக் கூடாது, முதலில் அதை நிறுத்துங்கள். கெட்டுப்போன டிஸ்கிலிருந்து நல்ல பேக்கப்பின் மேல் எழுதிக்கொண்டிருக்கிறீர்களோ என்னவோ.

மறுதொடக்கம் சொன்ன 6.1.64 கதை உண்மைதான், அதனால் பதிப்பு எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆனால் கிளவுட் கர்னல் என்பது தனியாக எழுதிய கர்னல் இல்லை. அதே மூலநிரல், நிஜ வன்பொருளுக்கான டிரைவர்களை உருவிவிட்டுக் கட்டியது, அவ்வளவுதான். ஈஎக்ஸ்டி4 பகுதி இரண்டிலும் ஒன்றே. டிரைவர் இல்லாத குறை என்றால் டிஸ்கே கண்ணில் படாது, இப்படி ஒரு டைரக்டரி மட்டும் கெடாது.

மூன்று விஷயம் வேண்டும். விஎம் பூட் ஆகி ஐந்து நிமிடம் கழித்து வருகிற ஈஎக்ஸ்டி4 வரி (கடைசி எஃப்எஸ்சிகேவுக்கு, அதாவது ஃபைல் சிஸ்டம் சோதனைக்குப் பிறகு இத்தனை பிழை என்று எண்ணிக்கை சொல்லும், பலர் அதைப் பார்ப்பதே இல்லை). டம்ப்இ2எஃப்எஸ் (ஃபைல் சிஸ்டத்தின் விவரங்களைக் காட்டும் கட்டளை) தலைப்பில் முதல் பிழை நேரம். எஃப்எஸ்டேபில் (எந்த டிஸ்க் எப்படி மவுண்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) அந்த டிஸ்கின் வரி, 19ஆம் தேதிக்கு முன்னும் பின்னும்.

அரைத்தூக்கம்:
பேக்கப்பை நிறுத்திவிட்டேன் அண்ணா. கர்னல் 6.1 வரிசைதான், ஆனால் அந்த 64ஐத் தாண்டி ரொம்ப தூரம் வந்தாயிற்று.

அந்த ஐந்து நிமிட வரி இருக்கிறது! பிழை எண்ணிக்கை 163. முதல் பிழை நேரம் 9ஆம் தேதி அதிகாலை 2:20. அதாவது கர்னல் மாற்றுவதற்குப் பத்து நாள் முன்னால். ஒன்றும் புரியவில்லை. எஃப்எஸ்டேபில் முன்பு வெறும் டிஃபால்ட்ஸ், கடைசி இரண்டு எண்ணும் 0. 19ஆம் தேதி கை வைத்த கையோடு, பிழை வந்தால் ரீட் ஒன்லி ஆகட்டும் என்ற ஆப்ஷனையும் நான்தான் சேர்த்தேன். பாதுகாப்பு என்று எங்கோ படித்தது.

ஐநோடுவேட்டை:
அப்படியென்றால் உங்கள் கர்னல் நிரபராதி. முன்பு பிழை வந்தாலும் எண்ணிக்கொண்டே தொடர்ந்து ஓடு என்ற பழைய நடத்தை, அதனால் பத்து நாள் சத்தமில்லாமல் போனது. 19ஆம் தேதி நீங்கள் சேர்த்த ஆப்ஷன் சத்தம் போட வைத்தது. பகலில் யாரும் அந்த டைரக்டரியைத் தொடுவதில்லை, ராத்திரி ஆர்சிங்க் மூலைமுடுக்கெல்லாம் நுழைந்து பார்க்கிறது, மாட்டிக்கொள்கிறது. ரீபூட் எதையும் சரிசெய்யவும் இல்லை, எஃப்எஸ்டேபின் கடைசி எண் 0 என்றால் பூட்டின்போது இந்த டிஸ்கைச் சோதிக்கவே சோதிக்காது.

8ஆம் தேதி என்ன நடந்தது?

அரைத்தூக்கம்:
8ஆம் தேதி மாலை ஹோஸ்டுக்கு மின்சாரம் போனது. திரும்ப வந்ததும் விஎம் சமர்த்தாக எழுந்தது, ஜர்னல் மீட்பு முடிந்தது என்று லாகிலும் வந்தது, அதனால் கண்டுகொள்ளவில்லை. ஜர்னல் இருந்தும் எப்படி?

ஐநோடுவேட்டை:
நல்ல கேள்வி. ஜர்னல் வரிசையை நம்பித்தான் வேலை செய்கிறது. மாற்றத்தை முதலில் ஜர்னலில் எழுதும், பிறகு அதன் சொந்த இடத்தில் எழுதும், அது தட்டில் (டிஸ்கிலேயே) இறங்கிவிட்டது என்று ஃபிளஷ் (கேஷில் இருப்பதை டிஸ்கில் இறக்கு என்ற கட்டளை) கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஜர்னலின் அந்தப் பகுதியை இனி வேண்டாம் என்று விடுவிக்கும். நடுவில் யாராவது இறக்காமலேயே இறக்கிவிட்டேன் என்று பதில் சொன்னால், ஐநோடு அழிந்தது தட்டில் இருக்கும், டைரக்டரியில் பெயரை நீக்கியது மட்டும் ஹோஸ்டின் நினைவகத்தோடு போய்விடும். ஜர்னலிலும் அது இருக்காது. மீட்பு ஒழுங்காக முடிந்தது என்றுதான் லாக் சொல்லும், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆக யார் பொய் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். அடியில் இருப்பது ஹார்ட் டிஸ்கா எஸ்எஸ்டியா? விஎம்முக்குள் எஃப்ஐஓ (டிஸ்க் வேகத்தை அளக்கும் நிரல்) போட்டு, ஒவ்வொரு 4 கிலோபைட் எழுதுதலுக்கும் ஒரு எஃப்சிங்க் (எழுதியதை டிஸ்கில் இறக்கு என்ற கட்டளை) வைத்து, நொடிக்கு எத்தனை வருகிறது என்று சொல்லுங்கள்.

அரைத்தூக்கம்:
7200 சுற்று ஹார்ட் டிஸ்க், ஒன்றே ஒன்று, ரெய்டு கார்டு எதுவும் கிடையாது. நொடிக்கு 4,800 வருகிறது. நல்ல வேகம்தானே?

பிட்டுக்குப்பிட்டு:
நல்ல வேகமா :) 7200ஐ 60ஆல் வகுங்கள், தட்டு நொடிக்கு 120 தடவைதான் சுற்றுகிறது. ஒவ்வொரு எஃப்சிங்க்குக்கும் தட்டில் உண்மையாக இறங்கினால் 4,800 வர வாய்ப்பே இல்லை. ஹோஸ்டில் விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் (விஎம்மின் அமைப்பைக் காட்டும் கட்டளை) எடுத்து, அந்த டிஸ்கின் டிரைவர் வரியில் கேஷ் முறை என்ன என்று பாருங்கள். அன்சேஃப் என்றுதான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

அரைத்தூக்கம்:
அன்சேஃப்தான். இப்போது ஞாபகம் வருகிறது, பழைய சர்வரிலிருந்து டேட்டாவைக் கொண்டுவந்தபோது சீக்கிரம் முடியட்டும் என்று நானே வைத்தேன். திருப்ப மறந்துவிட்டேன்.

ஐநோடுவேட்டை:
எல்லோரும் ஒருமுறையாவது செய்ததுதான். அன்சேஃப் என்றால் கெஸ்ட் (விஎம்) கேட்கிற ஃபிளஷ்களை க்யூஇஎம்யூ (ஹோஸ்டில் விஎம்மை ஓட்டும் நிரல்) குப்பையில் போட்டுவிட்டு முடிந்தது என்கிறது. கெஸ்டுக்குள்ளே டிஸ்கின் கேஷ் வகையைப் பார்த்தாலும் ரைட்பேக் (முதலில் கேஷில், பிறகு டிஸ்கில்) என்றுதான் காட்டும், நல்ல ரைட்பேக்குக்கும் இதற்கும் உள்ளிருந்து வித்தியாசம் தெரியாது. அதனால்தான் எண்ணிப் பார்க்கச் சொன்னேன்.

விஎம்மை அணைத்துவிட்டு டிஸ்க் இமேஜை அப்படியே ஒரு பிரதி எடுங்கள், அதற்கு முன் எதையும் சரிசெய்யப் போக வேண்டாம். கேஷை நன் (none, ஹோஸ்ட் கேஷ் இல்லாத முறை) ஆக்குங்கள், ரைட்பேக்கும் ஃபிளஷை மதிக்கும், பரவாயில்லை. பிறகு விஎம்மை ஏற்றி, அந்த டிஸ்கை அன்மவுண்ட் செய்து, இ2எஃப்எஸ்சிகே (ஈஎக்ஸ்டி4க்கான எஃப்எஸ்சிகே) ஓட்டுங்கள், முதலில் எதையும் மாற்றாமல் வெறுமனே படித்துப் பார்க்கிற முறையில். மவுண்ட் ஆகியிருக்கும்போது ஓட்டிவிடாதீர்கள். அது முடிந்ததும் எஃப்எஸ்டேபில் கடைசி எண்ணை 2 ஆக்குங்கள்.

மறுதொடக்கம்:
சரி சரி, கர்னல் மேல் போட்ட வழக்கை வாபஸ் வாங்குகிறேன். அந்த ஹார்ட் டிஸ்கின் ஸ்மார்ட் எண்களையும் (டிஸ்க் தன் ஆரோக்கியத்தைப் பற்றித் தானே தரும் எண்கள்) பார்த்துவிடுங்கள், கரண்ட் போய் வந்த டிஸ்க்.

அரைத்தூக்கம்:
ஸ்மார்டில் ஒன்றும் இல்லை. கேஷை நன் என்று மாற்றி விஎம்மை ரீபூட் செய்தேன், எஃப்ஐஓ மறுபடியும் 4,700 காட்டுகிறது. என்ன கொடுமை இது?

பிட்டுக்குப்பிட்டு:
உள்ளிருந்து ரீபூட் செய்தீர்களா? அப்போது க்யூஇஎம்யூ செயல்முறை அப்படியே உயிரோடு இருக்கும், பழைய அமைப்பையே வைத்திருக்கும். முழுசாக அணைத்து, ஹோஸ்டிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

அரைத்தூக்கம்:
அதேதான். இப்போது நொடிக்கு 46. இவ்வளவு குறைந்த எண்ணைப் பார்த்து இதற்கு முன் சந்தோஷப்பட்டதில்லை.

இ2எஃப்எஸ்சிகே 21 டைரக்டரி உள்ளீடுகளை நீக்கியது, லாஸ்ட் ஃபவுண்டில் (பெயரிழந்த ஃபைல்கள் சேரும் டைரக்டரி) 9 ஃபைல்கள் வந்து விழுந்தன. பிழை எண்ணிக்கை போய்விட்டது. ஆர்சிங்கின் பழைய லாகைத் திறந்தால் 9ஆம் தேதியிலிருந்தே தினமும் 117 என்ற பிழை (ஃபைல் சிஸ்டம் கெட்டிருக்கிறது), ஆர்சிங்க் வெளியேறும் எண் 23 (சில ஃபைல்கள் பிரதியாகவில்லை). என் ஸ்கிரிப்ட் அந்த எண்ணைப் பார்க்காமல் தினமும் வெற்றி என்று மெயில் அனுப்பியிருக்கிறது. மூலத்தில் இல்லாததைப் பேக்கப்பிலும் அழிக்கிற டெலிட் ஆப்ஷன் வேறு போட்டிருந்தேன், பயமாக இருக்கிறது.

ஐநோடுவேட்டை:
அங்கே தப்பித்தீர்கள். படிக்கிற பக்கம் பிழை வந்தால் ஆர்சிங்க் அழிக்கிற வேலையைத் தானே விட்டுவிடும், பிழையைப் பொருட்படுத்தாதே என்று நீங்களாக ஆப்ஷன் கொடுத்திருந்தால் ஒழிய. ஆனால் எஃப்எஸ்சிகே அமைப்பைத்தான் சரிசெய்யும், ஃபைலுக்குள்ளே இருப்பதற்கு அது பொறுப்பில்லை. 8ஆம் தேதி மாலையை ஒட்டி மாறிய ஃபைல்களை 8ஆம் தேதி அதிகாலைப் பேக்கப்போடு ஒப்பிடுங்கள். டேட்டாபேஸ் ஏதாவது இருந்தால் அதன் சொந்தச் சோதனையையும் ஓட்டுங்கள்.

அரைத்தூக்கம்:
ஒப்பிட்டாயிற்று. இரண்டு லாக் ஃபைல்களின் வாலில் வெறும் பூஜ்யங்கள், மற்றதெல்லாம் சரி. டேட்டாபேஸ் வேறு டிஸ்கில். அங்கேயும் கேஷைப் பார்த்தேன், அது முதலிலிருந்தே நன். கிளவுட் கர்னலையே வைத்துக்கொள்கிறேன். இன்று ராத்திரி பேக்கப்பைத் திரும்ப ஓட விடுகிறேன், 23 வந்தால் மெயில் வரும்படி ஸ்கிரிப்டைத் திருத்திவிட்டேன், வராவிட்டால் தூங்கப் போகிறேன்.