912 யூ.எல்.-இலிருந்து யூ.எல்.எஸ்.-க்கு மாறும்போது: எடை, எரிபொருள், புரொப்பெல்லர், வேக எல்லைகள்

வானம்பாடி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. வீட்டிலேயே கட்டிய இருவர் விமானம்: உலோக உடல், தாழ் இறக்கை, மூக்குச் சக்கரம், டேங்குகள் இறக்கைக்குள். வெற்று எடை 300 கி.கி. இப்போது இருப்பது ரோட்டாக்ஸ் 912 யூ.எல். எஞ்சின், 80 குதிரைத்திறன். கூடவே இரண்டு இதழ் மர புரொப்பெல்லரும், ஃபயர்வாலில் (எஞ்சின் அறையைப் பிரிக்கும் தடுப்புத் தகடு) 6.5 கி.கி. ஈய-அமில பேட்டரியும்.

மாற்ற நினைப்பவை நான்கு: 100 குதிரைத்திறன் 912 யூ.எல்.எஸ்., தரையில் கோணம் மாற்றும் மூன்று இதழ் புரொப்பெல்லர், 2 கி.கி. லித்தியம் பேட்டரி, இறக்கை மேல் வோர்டெக்ஸ் ஜெனரேட்டர்கள் (காற்றோட்டம் பிரியாமல் வைக்கும் சிறு தகடுகள்). மவுன்ட் அப்படியே பொருந்தும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாமா? எது எங்கே இடிக்கும்?

திருகாணி

ஒரே மூச்சில் வேண்டாம். நான்கையும் சேர்த்து மாற்றிவிட்டுப் பறக்கும்போது மூக்கு கனமாகத் தெரிந்தால், காரணம் புரொப்பெல்லரா, பேட்டரியா, வேறு ஏதாவதா என்று பிரித்துச் சொல்ல வழியே இருக்காது. எஞ்சினும் புரொப்பெல்லரும் ஒன்றையொன்று சார்ந்தவை, அவை சேர்ந்து போகட்டும். பேட்டரி தனியாக. வோர்டெக்ஸ் ஜெனரேட்டர்கள் கடைசியில், மற்றவை ஒழுங்காக ஓடி, வேக அளவுகளைக் குறித்து வைத்த பிறகு.

எடைக் கணக்கை ஆரம்பத்திலேயே காகிதத்தில் போட்டுப் பாருங்கள். இறக்கையின் முன்விளிம்பை ஆதாரக் கோடாக வைத்து, ஈர்ப்பு மையம் அதற்கு 400 மி.மீ. பின்னால் இருப்பதாகக் கொள்வோம். திருப்புமை (எடை × தூரம்) 300 × 400 = 1,20,000. பேட்டரி இருப்பது கோட்டுக்கு 500 மி.மீ. முன்னால். அங்கே 4.5 கி.கி. குறைகிறது, ஆகவே திருப்புமை 2,250 கூடும். புதிய எடை 295.5, மையம் சுமார் 413.7. இலேசான பேட்டரி என்று சந்தோஷப்படும் மாற்றம் மையத்தை ஏறக்குறைய 14 மி.மீ. பின்னால் தள்ளிவிட்டது. ஸ்டாலிலிருந்து (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) மீளும் தன்மை கெடுவது அந்தத் திசையில்தான்.

புது புரொப்பெல்லர் 3 கி.கி. கூடுதல், 1,300 மி.மீ. முன்னால் என்றால் 3,900 கழியும். மையம் 396.5-க்குத் திரும்பிவிடும். காகிதத்தில் ஒன்றையொன்று சரிக்கட்டுவதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். வேலை முடிந்ததும் மூன்று தராசுகளில் ஏற்றி, விமானத்தை மட்டமாக்கி, எண்ணெயும் குளிர்விப்புத் திரவமும் நிரப்பி, உண்மையாகவே நிறுத்துப் பாருங்கள். ஹேங்கர் கதவுகளை மூடிவிட்டு நிறுங்கள், இலேசான காற்றுகூட இறக்கையைத் தூக்கித் தராசை ஏமாற்றும். பிறகு பின்பக்க எல்லைக்குத் தனிக் கணக்கு: முழு சாமான், கனமான ஆட்கள், காலியாகும் டேங்க். டேங்க் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருந்தால், எரிபொருள் தீரத் தீர மையம் பின்னால் நகரும். புறப்படும்போது எல்லைக்குள் இருந்தது இறங்கும்போது வெளியே போயிருக்கலாம்.

பேட்டரியில் இன்னொன்று. யூ.எல்.எஸ்.-இன் அமுக்க விகிதம் அதிகம். சோர்ந்த பேட்டரியில் மெதுவாகச் சுழற்றினால் எஞ்சின் பின்னுக்கு உதைக்கும், ஸ்டார்ட்டரின் ஒருவழி கிளட்ச் அடிபடும். ஆகவே குளிரிலும் முழு வேகத்தில் சுழற்றக்கூடிய பேட்டரியாகப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் கட்டுப்பாட்டுச் சாதனம் பழுதாகி மின்னழுத்தம் ஏறினால் லித்தியம் தாங்காது. மிகை மின்னழுத்தத் துண்டிப்பு கட்டாயம் வேண்டும்.

எரிகுழாய்

எஞ்சின் மாற்றத்தில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் எரிபொருள் வழி. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யூ.எல். புறப்படும்போது மணிக்குச் சுமார் 24 லிட்டர் குடிக்கும். யூ.எல்.எஸ். 27. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் உங்கள் பழைய வழியில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று அளந்திருக்கிறீர்களா? பம்ப் உள்ள அமைப்பில் உச்சத் தேவையின் 125 சதவீதம், புவியீர்ப்பில் ஓடும் அமைப்பில் 150 சதவீதம் பாய வேண்டும். உங்களுக்கு 27 × 1.25 = மணிக்கு 33.75 லிட்டர். அதாவது 1 லிட்டர் கேன் சுமார் 106 வினாடிக்குள் நிரம்பியாக வேண்டும்.

சோதனையை ஹேங்கருக்கு வெளியே செய்யுங்கள். மூக்கை, அதிகபட்சச் சரிவில் ஏறும்போது வரும் கோணத்தைவிட 5 டிகிரி கூடுதலாகத் தூக்கி வையுங்கள். டேங்கில் குறைந்தபட்ச எரிபொருள் மட்டும் இருக்கட்டும். குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி, கார்புரேட்டர் உயரத்திலேயே பிடித்து அளக்க வேண்டும். கீழே தரையில் வைத்து அளந்தால் சைஃபன் உதவி செய்து பொய்க் கணக்கு காட்டும். ஒவ்வொரு டேங்குக்கும் தனித்தனியாக. உலோகக் கேனையும் விமானத்தையும் கம்பியால் இணையுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தாழ் இறக்கையில் எரிபொருளை உறிஞ்சி மேலே ஏற்ற வேண்டியிருக்கிறது. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறையும், வெப்பமும் சேர்ந்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி. கார் பெட்ரோல் ஏவ்காஸைவிட (விமானப் பெட்ரோல்) எளிதாக ஆவியாகும். மின்பம்பை டேங்குக்குப் பக்கத்தில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் 90 டிகிரி எல்போக்களை ஒழித்து, வளைத்த குழாயாக மாற்றுங்கள். எஞ்சின் அறைக்குள் தீயுறை போட்டு, எக்ஸாஸ்டிலிருந்து ஒதுக்கிக் கொண்டுபோங்கள். டேங்குக்குத் திரும்பும் குழாய் இருந்தால் ஆவி அதன் வழியே வெளியேறிவிடும்.

ரப்பர் குழாயை முனையில் ஏற்றும்போது கொஞ்சம் கவனம். முனையின் கூர்விளிம்பு உள்சுவரைச் சீவி ஒரு நாக்கு போலத் தொங்கவிடும். ஓட்டம் அதிகமாகும்போது அந்த நாக்கு வால்வாக மூடிக்கொள்ளும், குறைந்ததும் திறந்துகொள்ளும். தரையில் எல்லாம் சரியாகவே தெரியும். விளிம்பை மழுக்கி, துளி எண்ணெய் தடவி ஏற்றுங்கள்.

எரிபொருளின் தரமும் மாறுகிறது: யூ.எல்.-க்கு ஆக்டேன் 90 போதும், யூ.எல்.எஸ்.-க்கு 95 வேண்டும். டேங்க் மூடிக்குப் பக்கத்தில் உள்ள பழைய ஸ்டிக்கரையும் மாற்றிவிடுங்கள்.

வானம்பாடி

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பழைய மர புரொப்பெல்லரையே கொஞ்ச நாள் ஓட்டலாமா? வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் போட்டு ஸ்டால் வேகம் 45 நாட்டிலிருந்து (நாட் என்பது வேக அலகு) 41-க்கு இறங்கினால், மொத்த எடையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம் என்கிறார்களே?

காற்றுவெளி

மர புரொப்பெல்லர் பொருந்தாது. யூ.எல்.-இல் பொதுவாகக் கியர் விகிதம் 2.27, யூ.எல்.எஸ்.-இல் 2.43. எஞ்சின் 5,500-இல் ஓடும்போது முன்னதில் புரொப்பெல்லர் 2,423 சுற்று, பின்னதில் 2,263. மெதுவாகச் சுற்றிக்கொண்டே அதிகத் திறனை வாங்க வேண்டும், பழைய கோணம் அதற்கு ஏற்றதல்ல. புதியதில் கோணத்தை, மட்டப் பறப்பில் முழு த்ராட்டிலுக்கு 5,500-க்கு மேல், 5,800-க்குள் நிற்கும்படி அமையுங்கள். முழு த்ராட்டிலில் 5,200-ஐ எட்டாவிட்டால் கோணம் அதிகம், எஞ்சின் திணறுகிறது. 5,800 என்பது 5 நிமிடத்துக்கு மட்டும். புரொப்பெல்லரின் நிலைமத் திருப்புமை (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் அளவு) 6,000 கி.கி.செ.மீ.²-ஐத் தாண்டினால் கியர்பாக்ஸுக்கு ஆகாது, வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். விட்டம் கூடினால் தரையிலிருந்து இடைவெளியையும் அளக்க வேண்டும்: மூக்குச் சக்கர விமானத்துக்கு 18 செ.மீ. குறையக் கூடாது.

எடை கூட்டும் யோசனையைக் கைவிடுங்கள். ஸ்டால் வேகம் குறைவதால் இறக்கையின் ஸ்பார் (சுமை தாங்கும் உள் உத்திரம்) பலமாகிவிடுவதில்லை. உண்மையில் நடப்பது எதிர்மாறு. மேனூவரிங் வேகம் = ஸ்டால் வேகம் × சுமைக் காரணியின் (இறக்கை தாங்கும் சுமை எடையைப்போல் எத்தனை மடங்கு என்பது, அலகு ஜி) வர்க்கமூலம். 3.8 ஜி-க்கு வர்க்கமூலம் 1.95. ஸ்டால் 45 நாட்டாக இருந்தபோது 88 நாட் வரை, ஸ்டிக்கை முழுவதும் இழுத்தாலும் 3.8 ஜி-யைத் தாண்டும் முன் இறக்கை ஸ்டால் ஆகிவிடும். 41 ஆனதும் அந்த வேகம் 80 நாட்டுக்கு இறங்கிவிட்டது. பழைய 88-ஐ நம்பிக் கொந்தளிப்பான காற்றில் போனால் சுமை 4.6 ஜி வரை ஏறலாம். வேகமானிக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் இந்த எண்ணை மாற்றாமல் விடுபவர்கள் அதிகம்.

41 என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். அதிகத் தாக்குகோணத்தில் (இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம்) வேகமானிக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டாட் குழாய் சாய்ந்த காற்றைப் பார்க்கிறது, குறைத்துக் காட்டும்.

உச்ச வேகம் பற்றி ஒரு வார்த்தை. திறன் 25 சதவீதம் கூடினால் மட்டப் பறப்பு வேகம் சுமார் 7 முதல் 8 சதவீதம் கூடும்: 105 நாட் என்றால் 113. தாண்டக்கூடாத வேகம் மட்டும் பழையதே. இடைவெளி சுருங்கியதால் ஏலரான், எலிவேட்டர் (இறக்கையிலும் வாலிலும் அசையும் பரப்புகள்) சமநிலையையும் டிரிம் டேபின் ஆட்டத்தையும் மறுபடி சோதியுங்கள். இடையில் பெயின்ட் அடித்திருந்தால் கட்டாயம், கீலுக்குப் பின்னால் ஏறும் ஒவ்வொரு கிராமும் ஃப்ளட்டருக்கு (அந்தப் பரப்புகள் கட்டுக்கடங்காமல் அதிர்வது) வழி விடும்.

திருகாணி

குளிர்விப்பு விட்டுப்போனது. கூடுதல் திறன் கூடுதல் வெப்பம், பெரும்பாலோர் ரேடியேட்டரைப் பெரிதாக்க ஓடுவார்கள். முதலில் அழுத்த வித்தியாசத்தை அளந்து பாருங்கள். உதிரி வேகமானி ஒன்றின் பிட்டாட் முனையை ரேடியேட்டருக்கு முன்னாலும், ஸ்டாட்டிக் முனையைப் பின்னாலும் இணைத்தால் போதும். 80 நாட்டில் ஏறும்போது அது 60 காட்டினால் கிடைக்கும் அழுத்தத்தில் 56 சதவீதம் ரேடியேட்டருக்குக் குறுக்கே கிடைக்கிறது, காற்றில் குறையில்லை. 35 காட்டினால் 19 சதவீதம்தான்: கௌலின் (எஞ்சின் மூடி) வெளிவாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, அல்லது ஓரங்களில் காற்று தப்பிப் போகிறது. அப்போது எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் பயனில்லை.

எஞ்சின் அறையில் நைலான் வளையம் உள்ள பூட்டு நட்டுகள் வேண்டாம், 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் அவை பிடியை விட்டுவிடும். முழு உலோகப் பூட்டு நட்டு போடுங்கள். சுழலும் இணைப்புகளில் காஸில் நட்டும் காட்டர் பின்னும். இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் வண்ணக் கோடு இழுத்து, முதல் தரை ஓட்டத்துக்குப் பிறகு கௌலைக் கழற்றிக் கோடு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். எரிபொருள் வடிகட்டியையும் அப்போதே திறந்து பார்த்துவிடலாம், புதுக் குழாய் வெட்டிய ரப்பர்த் துகள் முதலில் சேர்வது அங்கேதான்.