குளத் திருத்த வேலையின் செலவுக் கணக்கைப் பெறுவதற்கு உதவி வேண்டும்

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில், வெளிநாட்டு உதவி நிதியில் திருத்தப்பட்ட எங்கள் ஊர்க் குளத்தின் செலவு விவரத்தை மூன்று மாதமாகக் கேட்டும் பெற முடியவில்லை. பெயர்ப்பலகையில் மொத்தத் தொகை மட்டுமே உண்டு. துருசின் (குளத்து நீரைத் திறந்துவிடும் மதகின்) சீமெந்துப் பூச்சு முதல் மாரியிலேயே விரல் நுழையுமளவுக்கு வெடித்துவிட்டது. குளக்கட்டின் மேல் கொட்டிய கிரவல் மண் கரைந்து வாய்க்காலை மூடிக் கிடக்கிறது. இந்த நீரை நம்பியே எங்கள் வயல்கள் இருக்கின்றன.

கமக்காரர் அமைப்பின் சார்பில், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வேலை அளவுப் பட்டியலையும் கொடுப்பனவுச் சிட்டைகளையும் கேட்டு ஜனவரியில் விண்ணப்பித்தோம். நிதி வழங்கிய நிறுவனத்திடம் கேட்கும்படி, நாங்கள் விண்ணப்பித்த அலுவலகம் பதில் எழுதியது. அந்த நிறுவனமோ ஆவணங்கள் அலுவலகத்திலேயே இருப்பதாகச் சொல்கிறது. குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (சட்டப்படி முதல் மேன்முறையீட்டை விசாரிப்பவருக்கு) பெப்ரவரியில் அனுப்பிய மேன்முறையீட்டுக்கு மூன்று வாரத்துக்குள் வர வேண்டிய முடிவு இன்றுவரை வரவில்லை. அடுத்து தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குச் செல்வதற்குரிய இரண்டு மாத அவகாசமும் முடியப்போகிறது.

1,00,000 அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டங்களின் விவரத்தை மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 9ஆம் பிரிவு கூறுகிறது. எங்கள் குளத்துக்கான தொகை அதைவிடக் கூடியது.

ஆணைக்குழுவுக்கான மேன்முறையீட்டில் இந்தப் பிரிவைக் காட்டி இத்தகைய ஆவணங்களைப் பெற்றவர்கள், அதனை எவ்வாறு எழுதினீர்கள்?