பார்க்கிங்கில் கனக்கும் பவர் ஸ்டீயரிங்: முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்கிறார்கள்

பல்லடம்காரன்:
என்னிடம் இருப்பது மின்மோட்டார் வகைப் பவர் ஸ்டீயரிங் உள்ள சிறிய கார். முன்பக்க இடது சக்கரத்தின் பேரிங்கை மாற்றியதிலிருந்து, வண்டியை நிறுத்தும்போது ஸ்டீயரிங் மிகவும் கனக்கிறது. ஓட ஆரம்பித்துவிட்டால் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஸ்டீயரிங் விளக்கு, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு இரண்டும் எரிகின்றன. வேகமானி சரியாகக் காட்டுகிறது. ஸ்டீயரிங் கணினியில் யு0415 என்ற குறியீடு வந்தது. பணிமனையிலோ, "மோட்டாரோடு முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும், ஏபிஎஸ் தனி விஷயம்" என்கிறார்கள். அம்மாவும் ஓட்டும் வண்டி இது. அவரால் இப்போது திருப்பவே முடியவில்லை. வேறு எதையாவது பார்க்கலாமா?

ஓட்டுநர்67:
முதலில் டயர் காற்றையும் பேட்டரியையும் பாருங்கள். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே திரும்பத் திரும்ப முழுக்க வளைத்தால் மோட்டார் சூடேறி உதவியைக் குறைத்துக்கொள்ளும். அது பழுது அல்ல.

மின்கம்பி:
தம்பி, தொகுதிக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நான் வாகன மின்வேலை பார்ப்பவன். நல்ல நிலையில் இருக்கும் ஸ்டீயரிங் தொகுதியைக் கழற்றிப் போடுவதைப் பார்த்தாலே எனக்கு மனம் கொதிக்கிறது.

இவ்வகை ஸ்டீயரிங் குறைந்த வேகத்தில் அதிகமாக உதவும். வேகம் கூடக்கூட உதவியைக் குறைக்கும். வேகத்தை அதுவாக அளப்பதில்லை. சக்கரங்களின் வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் கணினி போன்ற இன்னொரு கணினி சொல்வதை நம்பித்தான் வேலை செய்கிறது. அந்தத் தகவல் நம்பும்படி இல்லையென்றால், நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் ஆபத்தான அளவுக்கு இலகுவாகிவிடக் கூடாது என்பதற்காகப் பல வண்டிகளில் உதவி குறைவான ஒரே அளவில் நின்றுவிடும். உங்கள் அம்மா படும் சிரமம் அதுதான்.

யு0415 என்றால், ஏபிஎஸ் கணினியிடமிருந்து செல்லாத தகவல் வருகிறது என்று பொருள். தகவலே வராமல் போயிருந்தால் யு0121 வந்திருக்கும். அப்போது கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் வயரிங்கில் பழுதைத் தேட வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டின் 6, 14 ஆம் முனைகளுக்கு இடையே அளந்தால் 60 ஓம் அளவில் வர வேண்டும். உங்களுக்கு அந்த வேலை இப்போது தேவையில்லை. இரண்டு விளக்குகளும் ஒரே பழுதைத்தான் சொல்கின்றன என்பது என் கணிப்பு.

வேகமானியை வைத்து முடிவெடுக்காதீர்கள். சில வண்டிகளில் அது கியர்பாக்ஸ் சென்சாரிலிருந்து வேகத்தை எடுத்துக்கொள்ளும். சக்கரத்தில் என்ன நடந்தாலும் முள் ஒழுங்காக ஏறும்.

ஏபிஎஸ் கணினிக்குள் போய் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் நேரலையாகப் பாருங்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். முன் இடது மட்டும் பூஜ்யத்தில் நின்றால் அந்தப் பேரிங்கைத்தான் சந்தேகிப்பேன். இப்போதைய பல பேரிங்குகளில் ஒரு பக்கத்து சீலிலேயே காந்த வளையம் இருக்கிறது. அந்தப் பக்கம், சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி அழுத்திவிட்டால் சக்கரம் சத்தமில்லாமல் சுழலும், சென்சாருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. சென்சாரின் வயர் இழுபட்டிருக்கிறதா, கனெக்டரில் ஈரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வைகைக்கரை:
ஐயா, என்னுடையது பழைய ஹைட்ராலிக் வண்டி. வேகத்துக்கு ஏற்ப எண்ணெய் அழுத்தத்தை மாற்றும் சொலினாய்டு வால்வு உண்டு. அதற்கும் இதே முறைதானா?

மின்கம்பி:
நோக்கம் ஒன்றுதான், அளக்கும் இடம் வேறு. கியர்பாக்ஸ் சென்சாரில் மூன்று வயர்கள் இருந்தால் மின்சாரம், எர்த், சிக்னல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சாவியைப் போட்டுக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். சிக்னல் வயரில் மின்னழுத்தம் பூஜ்யத்துக்கும் 5 அல்லது 12 வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறி வர வேண்டும். சென்சாரில் வந்து, ஸ்டீயரிங் கணினியின் முனையில் வரவில்லையென்றால் இடையில் வயர் அறுந்திருக்கிறது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

பல்லடம்காரன்:
அண்ணா, நேரலையில் முன் இடது பூஜ்யம்தான், மற்ற மூன்றும் சேர்ந்தே ஏறுகின்றன. சென்சாரைக் கழற்றி, அந்தத் துளை வழியே நூலில் கட்டிய காகித ஊசியை விட்டுப் பார்த்தோம். ஒட்டவே இல்லை. வலது பக்கத்தில் ஒட்டியது. அதே பேரிங்கை எடுத்துத் திருப்பிப் போடலாமா?

மின்கம்பி:
வேண்டாம். அழுத்தி வெளியே எடுக்கும்போது குண்டுகள் ஓடும் பாதை நசுங்கிவிடும். விரைவிலேயே இரைச்சல் வரும். காந்த வளையம் உள்ள புதிய பேரிங்கே வாங்குங்கள். பிரஸ்ஸில் வைப்பதற்கு முன் எந்தப் பக்கம் ஊசி ஒட்டுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தைச் சென்சார் பக்கம் வையுங்கள். பிறகு ஏபிஎஸ், ஸ்டீயரிங் இரண்டிலும் குறியீடுகளை அழித்துவிட்டுச் சற்று தூரம் ஓட்டுங்கள். சில வண்டிகளில் சக்கரங்கள் சுழன்று கணினி சரிபார்த்த பிறகுதான் விளக்கு அணையும்.