புதுப்பிப்பு: சாலி-ஆன் பெர்க்ஸ் எங்கே போனாள்?

ஹாரி பாட்டரின் முதல் பாகத்தில் (1997) தொப்பி சடங்கில் (மந்திரப் பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளை ஒரு மாயத் தொப்பி நான்கு இல்லங்களாகப் பிரிக்கும் சடங்கு) ஹாரிக்குச் சற்று முன் அழைக்கப்படும் சாலி-ஆன் பெர்க்ஸைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். எந்த இல்லத்துக்குப் போனாள் என்று கதை சொல்வதில்லை. "அதற்கப்புறம் அவளைப் பற்றிப் பேச்சே இல்லை" என்று முடித்திருந்தேன். அது பாதிதான் சரி; பேச்சு இல்லை என்பதோடு, வரவேண்டிய ஓர் இடத்திலேயே அவள் பெயர் விடுபட்டிருக்கிறது.

நேற்று ஐந்தாம் பாகத்தை (2003) மறுபடி எடுத்தேன். ஆவுல் தேர்வில் (ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் எழுதும் பொதுத் தேர்வு) மந்திரப் பாடத்தின் செய்முறைக்கு நான்கு நான்கு பேராக அழைக்கிறார்கள். ஹாரியின் தோழி ஹெர்மயனி போன பிறகு மந்திரப் பாட ஆசிரியர் ஃப்ளிட்விக் கூப்பிடுவது: பான்சி பார்க்கின்சன், பத்மா பாட்டில், பார்வதி பாட்டில், ஹாரி பாட்டர். ஆங்கில அகரவரிசைப்படி பாட்டிலுக்கும் பாட்டருக்கும் நடுவில்தான் பெர்க்ஸ் வரவேண்டும். அந்த இடத்தில் அவள் இல்லை. முதல் பாகத்தில் இதே வரிசையில்தானே நின்றாள்!

படிப்பை விட்டாளா, எழுத்தாளர் ரௌலிங் மறந்துவிட்டாரா? மறதிதான் என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் பதினோரு வயதில் நடுங்கிக்கொண்டு தொப்பியைப் போட்டுக்கொண்ட ஒரு பிள்ளை, ஐந்தாம் ஆண்டில் பெயர்ப்பட்டியலில் இல்லை என்பது மனதை என்னவோ செய்கிறது. சென்ற வாரப் பதிவில் அந்த வரியைத் திருத்திவிட்டேன்.