டிரெய்லர் இடது பக்கம் சாய்கிறது: பட்டை சேர்க்கவா, ரப்பர் ஆக்சில் போடவா?

பானஸ்வாடி_பொலேரோ:
வணக்கம். கைமாறி வாங்கிய கேம்பிங் டிரெய்லர், ஒற்றை ஆக்சில் (சக்கர அச்சு), இரண்டு பக்கமும் கமான் பட்டை (எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்). பொலேரோவில் இழுக்கிறேன். ஏலகிரி ஏறி இறங்கியதிலிருந்து இடது பக்கம் தாழ்ந்தே நிற்கிறது. இடது டயரின் உள்ளோரம் மட்டும் வழுக்கையாகிவிட்டது. பெங்களூரு பீன்யா பக்கம் ஒரு மெக்கானிக் “அந்தப் பக்கம் ஒரு பட்டை சேர்த்தால் நிமிர்ந்துவிடும்” என்கிறார். நண்பர் கமானே இல்லாமல் உள்ளே ரப்பர் வைத்த டார்ஷன் ஆக்சில் போடச் சொல்கிறார். எதைச் செய்வது?

ஹலசூர்_பட்டறை:
தம்பி, இரண்டும் இப்போது வேண்டாம். முதலில் எடை போடு.

பொம்மசந்திரா பக்கம் லாரிகளுக்கு வே பிரிட்ஜ் இருக்கும். தண்ணீர் டேங்க், சிலிண்டர், பாய் படுக்கை எல்லாம் ஏற்றியபடியே போ. இரண்டு சக்கரமும் மேடையில் நிற்க ஒரு எடை, இடது சக்கரம் மட்டும் நிற்க இன்னொரு எடை. நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. வீட்டு சிலிண்டர் நிரம்பியிருந்தால் முப்பது கிலோ பக்கம் வரும். அடுப்பு, டேங்க், பேட்டரி மூன்றையும் ஒரே பக்கம் வைத்துவிட்டுக் கமானைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

உள்ளோரம் தேய்கிறது என்கிறாயே, எனக்கு அதுதான் கவலை. சக்கரங்களுக்கு உள்பக்கமாகத்தான் கமான் ஆக்சிலை அழுத்துகிறது. பாரம் மிஞ்சினால் ஆக்சில் குழாயின் இரண்டு முனையும் மேலே தூக்கிக்கொள்ளும், சக்கரத்தின் தலை உள்ளே சாயும். புது ஆக்சிலின் நடுப்பகுதியை லேசாக மேல்நோக்கி வளைத்தே செய்வது இதற்காகத்தான். வளைந்த குழாய் பட்டை சேர்த்தால் நிமிராது.

சமதளத்தில் நிறுத்தி, இரண்டு டயருக்கும் நடுவே மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு எடு. மேலே குறைந்தால் குழாய் வளைந்திருக்கிறது. அச்சு உயரத்தில் முன்னும் பின்னும் அளந்தால் டோவும், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பதும், தெரியும். ஜாக்கியைச் சேசிஸுக்குக் கீழே கொடு. ஆக்சில் குழாயின் நடுவில் கொடுத்துத் தூக்கினால் அதுவே வளைத்துவிடும்.

கமான் மாற்றுவதானால் ஜோடியாக மாற்று. ஒரு பக்கம் மட்டும் பட்டை ஏற்றினால் அந்தப் பக்கம் விறைத்துப்போய், ஸ்பீட் பிரேக்கர் அடியெல்லாம் உன் அலமாரித் திருகாணிக்குத்தான் போகும். பழைய பட்டையை நெருப்பில் காய்ச்சி வளைத்துத் தருகிறேன் என்பார்கள். சரியாக டெம்பர் (எஃகின் விறைப்பு) ஏற்றாவிட்டால் மறுபடி தொய்யும்.

அப்புறம் கமானின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளைப் பார். அதன் போல்ட்டைச் சுற்றி நைலான் புஷ் (உருளை உறை) இருந்தால் கழற்றி எறி. லேத்தில் கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் கடைந்து, கிரீஸ் நிப்பிள் உள்ள போல்ட் போடு. கமானை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் கழற்றினால் புதுசுதான், பழசைத் திரும்ப முறுக்காதே. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை இறுக்கு.

சர்ஜாபூர்_சுத்தி:
பட்டறைக்காரர் ரப்பர் ஆக்சிலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை! நான் வைத்திருப்பது அதுதான். ஷேக்கிள் கிடையாது, கீச் சத்தம் கிடையாது, ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றது அசையாது.

ஹலசூர்_பட்டறை:
நல்ல சாமான்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் இறுகிவிட்டால் அதை மட்டும் மாற்ற வழியில்லை, ஆக்சிலோடு போச்சு. கிருஷ்ணகிரியில் இரவு எட்டு மணிக்குப் பட்டை உடைந்தால் எந்தக் கமான் பட்டறையிலாவது ஆள் கிடைப்பான். ரப்பர் ஆக்சிலுக்கு யார் கிடைப்பார்? எதை மாற்றினாலும் முதலில் ஆர்டிஓவில் கேட்டுக்கொள். வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது.

பானஸ்வாடி_பொலேரோ:
எடை போட்டேன் ஐயா. இடது 460 கிலோ, வலது 350. ஆக்சில் தகட்டில் 750 என்று இருக்கிறது! டயர்களுக்கு நடுவே மேலே 9 மி.மீ. குறைவு. டேங்க், பேட்டரி இரண்டுமே இடது பக்கம்தான். பேட்டரியை வலது முன்மூலைக்கு மாற்றப் போகிறேன். குழாயைச் சூடாக்கி நிமிர்த்திக் கொள்ளலாமா?

ஹலசூர்_பட்டறை:
வேண்டாம். நெருப்பு பட்ட குழாயை நம்ப முடியாது. 1,000 கிலோ தாங்கும் புது ஆக்சிலாக வாங்கு. ஆக்சிலில் கமான் உட்காரும் இருக்கைகளின் இடைவெளியும், சக்கரம் மாட்டும் ஹப் முகத்திலிருந்து ஹப் முகம் வரையிலான நீளமும் அளந்து எழுதிக்கொண்டு போ. பேரிங்கும் ஆயில் சீலும் புதுசாகவே போடு. பேட்டரியை மாற்றிய பிறகு பொலேரோவோடு மாட்டும் கப்ளரில் விழும் எடையையும் பார், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது முன்னால் விழ வேண்டும். குறைந்தால் ஹைவேயில் வால் ஆட்டும். டேங்க்கை என்ன செய்வதாக உத்தேசம்?

பானஸ்வாடி_பொலேரோ:
காலியாகவே ஓட்டிப் போய், ஊர் சேர்ந்து நிரப்பிக்கொள்கிறேன்.